கேதத்தன்று வறுத்த கடலை

செல்லூர், மதுரை
தாரண வருஷம், மாசி மாதம்

மரியாதைக்குரிய சம்பந்தி நல்லகாமன் அவர்கள் சமூகத்துக்கு, செல்லூர் முத்திருளன் கைகட்டி நின்று எழுதிக்கொண்டது.

இந்தக் காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்குப் போகிற காகிதத்தில் போடலாமா கூடாதா என்று இங்கே நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்றும் எழுதவில்லை. தாங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்கு நானே காரணம் என்பது ஊருக்குத் தெரியும். கண் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று கேள்விப்பட்டு மிகவும் சங்கடப்பட்டேன். சுத்தமான விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் படுத்தால் எரிச்சல் அடங்கும். என் கண்ணுக்கு அடங்கியது.

தங்கள் அண்ணன் பெரியவர் சோலை அவர்கள் காலமானது தங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையில்லாத அந்த மனிதர் தம்பி குடும்பத்தையே தன் குடும்பமாக நினைத்து, களத்து வாசல் முதல் குதிர் வாசல் வரை சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தவர். அப்படிப்பட்டவருடைய கேதத்தில் என்னால் நேர்ந்த அவமானத்துக்குத் தாங்கள் சோணைமுத்து வழியாகச் சொல்லியனுப்பிய தாக்கல் வந்து சேர்ந்தது. என் மகள் ஜெயக்கொடி இனிமேல் தங்கள் வாசல்படி மிதிக்க வேண்டாம். பிறக்கப்போகிற பிள்ளை ஆணா பெண்ணா என்று யாரும் வந்து சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை காளைக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கப்போகிறீர்களாம். சோணைமுத்து இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி உள்ளே படுத்திருந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயமாக இருக்கிறது. ஆகையால் அன்று நடந்ததை நடந்தபடி தங்கள் முன்னால் வைக்கிறேன். படித்துவிட்டுத் தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். அவளை விட்டுவிடுங்கள்.

முதலாவது, வீட்டில் கடலை வறுத்தது உண்மை. ஆனால் கேதம் தெரிந்து வறுக்கவில்லை. அன்று காலை ஜெயக்கொடி என்னிடம் வந்து, "அய்யா, எனக்குக் கடலை வேணும், மில்லு வாசல்ல விக்கிற மாதிரி, பூண்டும் மொளகாயும் போட்டு, நல்லா ஒரைக்க" என்றாள். இந்தப் பிள்ளை இங்கே வந்த நாளிலிருந்து இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டதில்லை. கஞ்சி கொடுத்தால் கஞ்சி குடிப்பாள், கொடுக்க மறந்தால் மறந்ததைக்கூடச் சொல்ல மாட்டாள். முதல் பிள்ளை தங்கள் வீட்டில் குறைமாதத்தில் பிறந்து சத்தமில்லாமல் போனதிலிருந்து அவளுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அப்படிப்பட்டவள் வாய்விட்டுக் கேட்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரி முத்துத்தாய் இருந்திருந்தால் அவளே செய்து கொடுத்திருப்பாள். அவள் பேதியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டு அடுப்பு என் கையில்தான் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி அடுப்பனலில் உட்காரக் கூடாது என்று மருத்துவச்சி வேறு சொல்லிவிட்டாள். எனவே நானே உட்கார்ந்தேன்.

நான் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனை கதிர் ஓடினாலும் எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன். கடலை வறுப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன், அங்கேதான் தப்பு. யுத்த காலத்தில் எண்ணெய் எங்கே கிடைக்கிறது, ஆகையால் மணலில்தான் வறுக்க வேண்டும். வைகையில் போய் மணல் அள்ளி வந்தேன், சலிக்க வேண்டும் என்பது தெரியாது. முதல் சட்டியில் கடலைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, அது அன்றோடு போயிற்று. இரண்டாவது சட்டிக்கு உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் உள்ளே சாரும் என்று பக்கத்து வீட்டு நெசவுக்காரர் சொன்னார். ஊறவைத்ததை வடிகட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கொதிக்கிற மணலில் ஈரக்கடலையைக் கொட்டினேன். சட்டி படீரென்று இரண்டாகப் பிளந்தது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று எதிர்வீட்டுக் கிழவர் கட்டிலுக்கடியில் புகுந்தவர் மத்தியானம்தான் வெளியே வந்தார். மூன்றாவது சட்டி கருகியது. மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம், கருகின கடலைக்கு என்ன முடிச்சுப் போடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஜெயக்கொடி அடுப்படி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா போடுங்கய்யா" என்றாள். போட்டேன்.

நாலாவது சட்டி பக்குவமாக வந்தது. மணலைச் சலித்து எடுத்துவிட்டு, தோலை ஊதிவிட்டு, காய்ந்த மிளகாயும் பூண்டும் பெருங்காயமும் அம்மியில் அரைத்த விழுதைக் கையாலேயே போட்டுப் புரட்டி, மறுபடியும் வெறும் சட்டியில் காட்டினேன். விழுது சட்டியில் பட்டதும் ஒரு புகை கிளம்பியது பாருங்கள், சந்து முழுக்கக் கமறல். நெசவுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வேட்டி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். நாய்கள்கூட வைகைப் பக்கம் போய்விட்டன. அந்த நேரத்தில்தான் தாங்கள் அனுப்பிய சோணைமுத்து கேதம் சொல்ல என் வாசலில் வந்து நின்றார்.

கேதம் சொல்ல வருகிறவர் வீட்டுக்குள் வர மாட்டார், வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் வந்து நின்று வாயைத் திறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிகிறது. எனக்கும் வடிகிறது. ஜெயக்கொடிக்கும் வடிகிறது. எல்லாரும் அழுதுகொண்டிருக்கிற வீட்டில் ஒருத்தர் மட்டும் துக்கத்தில் அழுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சொல்லுங்கள். தங்கள் ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தவர், வயதிலும் என்னைவிட மூத்தவர், மகளைப் பார்த்துவரச் சொல்லித் தாங்கள்தான் அனுப்பியிருப்பீர்கள் என்று நினைத்து, குடிக்கத் தண்ணீரும் கையில் ஒரு பிடி கடலையும் கொடுத்தேன். பசித்த மனிதர், வாங்கிக்கொண்டார். தின்றுகொண்டே எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கிறார், சொல்லாமலும் எப்படித் தின்பது என்றும் யோசித்திருக்கிறார், கடைசியில் தின்று முடித்துவிட்டுத்தான், "பெரியவரு விடியக்காலையில போய்ச் சேந்துட்டாருங்க" என்றார். கேதம் சொல்ல வந்தவனுக்குக் கடலை கொடுத்துக் கொண்டாடினான் முத்திருளன் என்று தங்கள் ஊர் சாவடியில் பேசிக்கொள்கிறார்களாம். நடந்தது இவ்வளவுதான். அந்த மனிதர்மேல் கோபப்பட வேண்டாம். பசிக்கு எந்தக் கேதம் தெரியும்.

கேள்விப்பட்ட மாத்திரத்தில் அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன். கடலையை முறத்தில் தட்டிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தேன். தலைக்குக் குளித்தேன், கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கோடித்துணியும் மாலையும் வாங்கிக்கொண்டு கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன். நாகமலைக்கு இந்தப் பக்கமே அது நின்றுவிட்டது. இறங்கித் தள்ளச் சொன்னார்கள், தள்ளினோம், அப்புறம் அது எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. ஓடிப்போய் ஏறினோம். எப்படியோ எடுப்பதற்குள் வந்து சேர்ந்தேன்.

வந்ததும் சம்பந்தக்காரன் முறைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். தாங்களும் பங்காளிகளும் பந்தலில் வரிசையாக நின்று கையை நீட்டினீர்கள். நான் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துத் துக்கம் கொடுத்தேன். மிளகாய் விழுது சாம்பலுக்குப் போகாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நகக்கண்ணில் எல்லாம் இருந்திருக்கிறது. தள்ளுகிற பஸ்ஸில் வேர்த்த கை வேறு. கை கொடுத்தவர்கள் எல்லாரும் துண்டு எடுக்கச் சோம்பல்பட்டு அதே கையால் கண்ணைத் துடைத்தார்கள். அப்புறம் நடந்தது தங்களுக்கே தெரியும். பெரியவருக்காக இம்புட்டுப் பேர் இம்புட்டு அழுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வரப்புத் தகராறில் அவரோடு பேச்சை விட்டவர்கள்கூட விம்மி விம்மி அழுதார்கள். ஒப்பாரி வைத்த பெண்களே பாட்டை நிறுத்திவிட்டு ஆம்பளைகளைப் பார்த்தார்கள். எனக்கே மனசு இளகி, எப்பேர்ப்பட்ட மனுசன் என்று நினைத்து, நானும் என் கண்ணைத் துடைத்தேன். அப்போதுதான், மச்சான், எனக்கு விஷயம் விளங்கியது. விளங்கி என்ன செய்ய, எனக்கும் கண் தெரியவில்லை.

சுடுகாட்டில் தாங்கள் கொள்ளிக்குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கண் தெரியாமல் நடந்ததும், ஒரு சுற்றுக்கூட வராமல் வரட்டி தடுக்கி விழுந்ததும், குடம் பெரியவர் நெஞ்சின்மேலேயே உடைந்ததும், அடுக்கி வைத்த விறகெல்லாம் நனைந்து தீப்பிடிக்க அந்தி சாய்ந்ததும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு வேக மனசில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டு ஒருத்தர் சிரித்தார். அது நானில்லை. நான் இருமினேன். இருமுகிறவன் தோளும் சிரிக்கிறவன் தோளும் ஒரே மாதிரிதான் குலுங்கும், தாங்கள் கண் தெரியாத நிலையில் தோளை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டீர்கள்.

சரி, என் பங்குக்கு என்ன உண்டோ அதை ஒத்துக்கொள்கிறேன். ஊர்க்கூட்டம் போடுங்கள், வந்து விழுந்து கும்பிடுகிறேன். மறுபடி ஒரு குடம் வாங்கித் தரச் சொன்னால் வாங்கித் தருகிறேன், அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று தெரியாது. ஆனால் குடம் உடைந்தது மருமகள் வயிற்றிலிருக்கிற பிள்ளையின் ராசியால்தான், அது பிறந்தாலும் குடும்பத்துக்கு ஆகாது என்று தங்கள் வீட்டில் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு மிளகாயைப் பற்றி என்ன தெரியும். அதன் தாய்க்குத்தான் என்ன தெரியும். ஜெயக்கொடி ஒன்றுமறியாதவள். பிள்ளைத்தாய்ச்சி காதில் கேதம் விழக் கூடாது என்று சோணைமுத்துவை வாசலோடு பேசி அனுப்பிவிட்டு, அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பஸ் ஏறின பிறகு அவள் நடுவீட்டில் உட்கார்ந்து மிச்சக் கடலையைத் தின்றாள் என்று தங்களுக்கு எட்டியிருக்கிறது. தின்றாள்தான். தெரியாமல் தின்றாள். பெரியவர்மேல் அவள் எவ்வளவு மரியாதை வைத்திருந்தாள் என்றால், அவர் பேரை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மச்சான், முன்பு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறும் மடியோடு வந்தவள் அவள். இந்தத் தடவையும் பிள்ளைக்கு அப்பன் இல்லை, வீடு இல்லை என்று ஆனால் அவள் பிழைக்க மாட்டாள். எனக்கு வயதாகிவிட்டது. நான் போனபின் யார் பார்ப்பார்கள். பெண்ணைப் பெற்றவன் கெஞ்சுகிறேன், பிள்ளை பிறந்ததும் ஒரு வண்டி அனுப்புங்கள். சட்டியை உடைத்துவிட்டேன். அம்மியைக்கூட விற்றுவிடத் தயார். இனி இந்த வீட்டில் கஞ்சியைத் தவிர வேறு வாசனை வராது.

தங்கள் வீட்டம்மாவுக்கும் பங்காளிகள் எல்லாருக்கும் என் கும்பிடு. கண் எரிந்தவர்களுக்குத் தனித்தனியாக என் வருத்தத்தைச் சொல்லவும். மாப்ள காளைக்கு என் ஆசீர்வாதம். கதிரும் காளையும் குறையாமல், தங்கள் வம்சம் வாசல் நிறைய இருக்க அழகர் துணை செய்யட்டும்.

இப்படிக்குத் தங்கள் பாதம் பார்த்து நிற்கும்,
முத்திருளன்

பின்குறிப்பு: எதை எழுதினாலும் ஒரு தடவை வாசித்துக் காட்டாமல் தபாலில் சேர்ப்பது என் வழக்கமில்லை. மேற்படி காகிதத்தை ஜெயக்கொடிக்கு வாசித்தேன். 'தெரியாமல் தின்றாள்' என்கிற இடத்துக்கு வந்ததும், "அது பொய்யி அய்யா. எனக்குக் காலையிலயே தெரியும்" என்றாள்.

குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், தங்கள் ஊரிலிருந்து மோர் விற்க வந்த பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துதான் என்னிடம் கடலை கேட்டிருக்கிறாள். ஏன் தாயி என்றேன். சொன்னாள். முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோது தங்கள் களத்தில் கடலை ஆய்ந்திருக்கிறார்கள். வாய் ஊறி ஒரு பிடி எடுத்து மடியில் வைத்திருக்கிறாள். விதைக் கடலையைத் திருடினாள் என்று பெரியவர் அவளைக் களத்து நடுவில் நிற்கவைத்து, ஆள்கள் எல்லாரும் பார்க்க முந்தியை உதறச் சொல்லியிருக்கிறார். உதறியிருக்கிறாள். குனிந்து அத்தனையும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். பொறுக்கியிருக்கிறாள். தாங்கள் குவியல் பக்கத்தில்தான் நின்றீர்களாம், நிமிரவே இல்லையாம். மாப்ள மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்த வாரத்திலேயே பிள்ளை போயிற்று. எனக்கு வந்து சொன்னவர்கள் உடம்புச் சூடு என்றார்கள். நானும் இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

"அந்தாளு போயிட்டாருன்னு கேட்டதும் எனக்குப் பசிச்சது அய்யா" என்றாள். "பிள்ளை போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பசிச்சது."

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். இந்த யுத்தத்தில் காகிதம் கிடைப்பதில்லை, இருந்ததே இதுதான். ஆகையால் மேலே வருத்தம், கெஞ்சுகிறேன், கும்பிடு என்று வருகிற இடங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளவும். ஆசீர்வாதத்தையும் அடித்துவிடவும். விளக்கெண்ணெய் பற்றிச் சொன்னது மட்டும் நிஜம், அது இருக்கட்டும்.

வண்டி அனுப்ப வேண்டாம். அவள் ஏற மாட்டாள், நானும் ஏற்ற மாட்டேன். மாப்ளைக்கு வேறு பெண் பார்ப்பது தங்கள் இஷ்டம். அப்படியில்லாமல் அவர் தன் பிள்ளையைப் பார்க்க வருவதாக இருந்தால் செல்லூருக்கு நடந்தே வரட்டும். அன்று களத்தில் மாட்டின் கயிற்றை ஏன் விடவில்லை என்பதற்கு ஜெயக்கொடியிடம் ஒரு பதில் சொல்லட்டும். அதைக் கேட்டு அவள் உள்ளே வரச் சொன்னால் வரலாம்.